ரோபோவா, ஓப்பனா? அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது

புற்றுநோய் வந்த சிறுநீர்ப்பையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஒரே பக்கம் போய்விடுகிறது. சின்னத் துளைகள் வழியே டாக்டர் இயக்கும் ரோபோ கைகளால் செய்வதா, வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் ஆபரேஷனா? எந்த ஊரில் ரோபோ இருக்கிறது, எவ்வளவு கூடுதலாகும், இன்சூரன்ஸ் தருமா, தெரிந்தவர் யாராவது செய்துகொண்டார்களா? ஆபரேஷன் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க சிறுநீர் எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வி பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள், கையெழுத்துப் போடும் தாளோடுதான் வந்து சேர்கிறது.

ஸ்டோமா, அதாவது சிறுநீர் வெளியேற வயிற்றில் அமைக்கும் வாய், அதன் பராமரிப்பில் வேலை பார்ப்பதால் ஆபரேஷனுக்குப் பிந்தைய வாழ்க்கையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அங்கிருந்து பார்த்தால் என் கட்சி இதுதான்: தழும்பு எவ்வளவு பெரியது என்பது சில வாரத்துச் சங்கதி, சிறுநீர் போகும் வழி ஆயுசுக்கும் கூட வரும். வழியை முடிவு செய்துவிட்டு, அதைச் செய்யக்கூடிய கைகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். ரோபோ அதற்குப் பிறகு.

முதலில் ஒரு தெளிவு. சிறுநீர்ப்பை புற்றுநோய் வந்த எல்லோருக்கும் பையை எடுப்பதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி பையின் தசைக்குள் இறங்கியிருக்காது. அவர்களுக்கு சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்தி, தொடர்ந்து கண்காணிப்பார்கள். கட்டி தசைக்குள் போய்விட்டால், அல்லது பி.சி.ஜி.க்கு அடங்காத மூர்க்கமான வகையாக இருந்தால்தான் இந்தக் கட்டுரையில் உள்ள தேர்வுகள் எல்லாம். பையை எடுக்கிறோம் என்றால் ஆண்களுக்கு அதோடு புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் போகும். பெண்களுக்கு வழக்கமான முறையில் கருப்பை, சினைப்பைகள், யோனியின் முன்சுவரில் ஒரு பகுதி. இடுப்புக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். துளை போட்டுச் செய்தாலும் வயிற்றைத் திறந்து செய்தாலும் உள்ளே நடப்பது இதே பெரிய ஆபரேஷன்தான். "சின்ன ஓட்டைதானே" என்று நினைத்து வருகிறவர்கள் மூன்றாம் நாள் சோர்ந்துபோவது இதனால்தான்.

ரோபோ எவ்வளவு தருகிறது?

இந்த ஆபரேஷனை ரோபோவில் செய்த முதல் தொகுப்பு 2003-ல் வெளியானது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மணி மேனன் குழுவும் எகிப்தின் மன்சூரா மருத்துவர்களும் சேர்ந்து 17 பேருக்குச் செய்ததை எழுதினார்கள். (மேனன் நம் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர்.) அதன்பிறகு பதினைந்து வருடம் எது மேல் என்று ஆளாளுக்கு வாதாடியதுதான் மிச்சம். 2018-ல்தான் ஓரளவு பதில் கிடைத்தது.

ரேசர் என்ற ஆய்வில், அமெரிக்காவின் 15 மையங்களில் 350 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் 72.3 சதவீதம், ஓப்பனில் 71.6. அதாவது புற்றுநோயைப் பொறுத்தவரை ரோபோ குறைந்ததல்ல, கூடியதும் அல்ல. ரத்த இழப்பு ஓப்பனில் 700 மில்லி, ரோபோவில் 300. மருத்துவமனையில் ஒருநாள் குறைவு. ஆபரேஷன் நேரம் ஒரு மணி நேரம் கூடுதல். வாழ்க்கைத் தரத்தைக் கேள்விப் பட்டியல் வைத்து அளந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"அந்த ஆய்வில் பையை எடுத்தது மட்டும்தான் ரோபோ. குடலை வைத்து மாற்றுவழி அமைத்ததெல்லாம் வயிற்றில் வெட்டுப் போட்டு வெளியே எடுத்துத்தானே?" என்று ரோபோ ஆதரவாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிரிட்டனின் ஒன்பது மையங்களில் நடந்த ஐராக் ஆய்வு 2022-ல் பதில் சொன்னது. இதில் எல்லாமே உள்ளேயே செய்யப்பட்டது. 338 பேர். முதல் 90 நாளில் உயிரோடு, மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்களை எண்ணினார்கள்: ரோபோவில் 82, ஓப்பனில் 80. இரண்டு நாள்தான் வித்தியாசம். ஆனால் ரத்தம் உறையும் சிக்கல் 8.3 சதவீதத்திலிருந்து 1.9-க்கும், வெட்டுக்காயச் சிக்கல் 17.3-லிருந்து 5.6-க்கும் இறங்கியிருந்தது. ஐந்தாவது வாரத்தில் ரோபோ கூட்டம் தெளிவாக நன்றாக இருந்தது. பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகு வித்தியாசம் கரைந்துவிட்டது.

முதல் மூன்று மாதம் லேசாகப் போகிறது என்பது சின்ன விஷயமில்லை. சர்க்கரை உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டியவர்கள் ஆகியோருக்கு அது கணிசம். காசு இருந்தால், பழகிய கை இருந்தால், ரோபோவையே தேர்ந்தெடுக்கலாம். நகையை அடகு வைத்தோ நிலத்தை விற்றோ ரோபோவுக்குப் போக வேண்டுமா என்றால், இந்த எண்களைப் பார்த்துவிட்டு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பணம் பின்னால் வயிற்றில் ஒட்டும் சிறுநீர்ப் பைகள் வாங்கவும், சத்தான சாப்பாட்டுக்கும், திரும்பத் திரும்பச் செய்யும் ஸ்கேனுக்கும் தேவைப்படும். ரோபோவில் தலையைக் கீழே சாய்த்து, வயிற்றில் வாயு நிரப்பி மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். நுரையீரல் மோசமாக இருப்பவர்கள், கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரோபோவை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. அந்த மருத்துவமனையில் வருடத்துக்கு எத்தனை சிறுநீர்ப்பைகளை எடுக்கிறார்கள்? ஐரோப்பிய யூராலஜி வழிகாட்டுதல் குறைந்தது 10, முடிந்தால் 20-க்கு மேல் என்கிறது. நேராகக் கேட்கலாம். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

வெளியே தெரியாத ஒரு கண்ணி இதில் இருக்கிறது. குடலில் புதுப் பை செய்து உள்ளேயே தைப்பது ரோபோவில் கடினமான வேலை. குடல் துண்டு வழியாகச் சிறுநீரை வயிற்றில் ஒட்டிய பைக்கு விடும் காண்ட்யூட் அதைவிட எளிது. ரோபோவில் காண்ட்யூட் மட்டும் பழகிய டாக்டரிடம் போனால், ரோபோவைத் தேர்ந்தெடுத்த நிமிஷமே உங்கள் சிறுநீர் வழியும் முடிவாகிவிடுகிறது, நீங்கள் அறியாமலே. "ரோபோவில் செய்தால் எனக்கு எந்த வழி, ஓப்பனில் செய்தால் எந்த வழி?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெளியில் ஒரு பை

ஐலியல் காண்ட்யூட் முறையை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் யூஜின் பிரிக்கர் 1950-ல் எழுதினார். இன்றும் உலகில் அதிகம் செய்யப்படுவது இதுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் துண்டை எடுத்து, இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் அதில் இணைத்து, இன்னொரு முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து விடுவார்கள். சிவப்பாக, ஈரமாக, வாயின் உட்புறம் போல இருக்கும். அதுதான் ஸ்டோமா. தொட்டால் வலிக்காது. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பை ஒட்டியிருக்கும்.

நோயாளிகள் முதலில் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். தினசரி வாழ்க்கையில் இதன் வேலை இவ்வளவு: பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழிவறையில் குழாயைத் திறந்து காலி செய்ய வேண்டும். பாதிக்கு மேல் விட்டால் எடை இழுத்து ஒட்டு விடும். ராத்திரி பைக்குக் கீழே நீளக் குழாய் மாட்டி, கட்டிலோரம் தொங்கும் பெரிய பையில் விட்டுவிட்டால் விடிய விடியத் தூங்கலாம். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒட்டை மாற்ற வேண்டும். அதைக் காலையில், காபி தண்ணீர் எதுவும் குடிக்கும் முன்னால் வைத்துக்கொண்டால் சொட்டு குறைவாக இருக்கும். பழைய ஒட்டைப் பிய்க்காமல், தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மெதுவாக உரிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக ஒற்றி எடுத்து, சுருட்டிய துணியை ஸ்டோமாவின் வாயில் வைத்துக்கொண்டே புது ஒட்டை ஒட்ட வேண்டும். எண்ணெய், பவுடர், க்ரீம் தடவினால் ஒட்டாது. பழகிவிட்டால் பத்துப் பதினைந்து நிமிஷ வேலை.

நம் ஊர் வெயிலில் வியர்வையால் ஒட்டு சீக்கிரம் விடும். சித்திரை வைகாசியில் இன்னும் அடிக்கடி மாற்ற நேரும். சேலை கட்டுபவர்களுக்குப் பாவாடை நாடா, ஆண்களுக்கு வேட்டிக் கட்டோ பெல்ட்டோ ஸ்டோமாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் வாழ்க்கை நரகம். இதைத் தவிர்க்க ஆபரேஷனுக்கு முன்பே இடம் குறிக்க வேண்டும். படுக்கவைத்துக் குறித்தால் போதாது. வழக்கமான உடையோடு வரச்சொல்லி, நிற்க, உட்கார, குனிய வைத்து, வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது, நாடா எங்கே இறுக்குகிறது என்று பார்த்து, அவராலேயே கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் மார்க்கரால் புள்ளி வைப்போம். தொந்தி உள்ளவர்களுக்குப் புள்ளி கொஞ்சம் மேலே ஏறும். கால் மணி நேர வேலைதான், வருஷக்கணக்கான கசிவைத் தடுக்கும். இதைச் செய்யாமலே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

"சிஸ்டர், இதோட கல்யாணம் காட்சிக்குப் போகலாமா?" என்றுதான் அம்மாக்கள் கேட்பார்கள். போகலாம். வாடை வராது, சட்டைக்குள் தெரியாது. பஸ் பயணமும் செய்யலாம். ஒரு செட் மாற்றுப் பையும் ஒரு துண்டும் கையில் இருந்தால் போதும். நீண்ட காலத்தில் ஸ்டோமாவைச் சுற்றி ஹெர்னியா வரலாம், தோல் புண்ணாகலாம், குழாய் இணைப்பு சுருங்கலாம், சிறுநீரகத்தின் வேலை குறையலாம். பையின் மாதச் செலவும் நிரந்தரம். ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய வரம் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை: நாளைக்குப் பார்வை மங்கினாலும் கை நடுங்கினாலும் மறதி வந்தாலும், மனைவியோ மருமகளோ அடுத்த வீட்டுப் பெண்ணோகூட இதைப் பார்த்துக்கொள்ள முடியும்.

உள்ளே ஒரு பை

நியோபிளாடர் என்கிற புதுப் பையைப் பிரபலமாக்கியவர்கள் 1980-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஸ்டூடரும் ஜெர்மனியின் உல்ம் நகர ஹவுட்மனும். 45 முதல் 60 சென்டிமீட்டர் சிறுகுடலை நீளவாக்கில் பிளந்து, மடித்து உருண்டையாகத் தைத்து, பழைய பையின் இடத்தில், சிறுநீர் வெளியேறும் சிறுநீர்க் குழாயோடு இணைப்பார்கள். வெளியே எதுவும் தெரியாது. பழைய வழியிலேயே சிறுநீர் போகும். கேட்டவுடன் எல்லோரும் "இதுதான் வேண்டும்" என்பார்கள்.

சரிதான், ஆனால் இது குடல். நிறைந்தால் சிறுநீர் முட்டுகிற உணர்வு வராது. அடிவயிறு கனக்கும், அவ்வளவுதான். கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும். ஆபரேஷனில் வைத்த கதீட்டரை, அதாவது சிறுநீர் வடியும் குழாயை, எடுப்பது சுமார் மூன்று வாரம் கழித்து. அதுவரை குடல் சளி அடைக்காமல் தினமும் சலைன் விட்டு அலச வேண்டும். எடுத்தபின் இரண்டு மணிக்கொருமுறை, அப்புறம் மூன்று, அப்புறம் நாலு என்று மெல்ல நீட்டி 400, 500 மில்லி வரை பையை விரிக்க வேண்டும். ராத்திரியும் அலாரம்தான். பையே சுருங்கித் தள்ளாது; உட்கார்ந்து, அடியைத் தளர்த்தி, வயிற்றை முக்கி இறக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்துதான்.

பகலில் கசிவில்லாமல் இருப்பது பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் கைவரும். ராத்திரிதான் சிரமம். தூக்கத்தில் அடைப்புத் தசை தளரும். பழைய பை அனுப்பிய எச்சரிக்கை இப்போது இல்லை. போதாததற்குக் குடல் சுவர் தண்ணீரையும் உள்ளே விடுவதால் ராத்திரிச் சிறுநீரின் அளவே கூடும். எனவே வருடங்கள் கழித்தும் இரவில் பேட் வைத்துக்கொள்கிறவர்கள் கணிசம். பெண்களில் சிலருக்கு நேரெதிர்ச் சிக்கல்: கசியாது, முழுதாக வெளியேறவும் செய்யாது. அப்போது தாமே ஒரு மெல்லிய குழாயை விட்டு எடுக்கப் பழக வேண்டும். குடல் சிறுநீரிலிருந்து அமிலத்தை உறிஞ்சுவதால் பசியின்மை, குமட்டல், அசதி வரலாம். சோடியம் பைகார்பனேட் மாத்திரை தேவைப்படும். போகப்போக வைட்டமின் பி12 குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், புற்றுநோய் சிறுநீர்க் குழாய் வெட்டுமுனை வரை எட்டியவர்களுக்கும், தேவைப்பட்டால் குழாய் விட்டுக்கொள்ள முடியாதவர்களுக்கும் இது கூடாது. வயது மட்டுமே தடையில்லை. நியோபிளாடர் என்று முடிவானவர்களுக்கும் வயிற்றில் ஸ்டோமா புள்ளி வைத்தே அனுப்புவோம். வெட்டுமுனையை ஆபரேஷன் நடக்கும்போதே பரிசோதித்து, அதில் புற்று இருந்தால் திட்டம் மேசையிலேயே மாறிவிடும்.

மூன்றாவதாக இந்தியானா பை என்று ஒன்று உண்டு. பை உள்ளே, சிறு துளை வயிற்றில், நாலைந்து மணிக்கொருமுறை குழாய் விட்டு எடுக்க வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தள்ளாதவர்களுக்குக் குடலையே தொடாமல் சிறுநீரகக் குழாய்களை நேரே தோலுக்குக் கொண்டுவருவதும் உண்டு.

பையா, புதுப் பையா, எதில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது? இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட நம்பகமான பெரிய ஆய்வு கிடையாது. புதுப் பை கிடைத்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், திடமானவர்கள். எனவே அவர்கள் கூடுதலாக மதிப்பெண் போடுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் கேட்கும் கேள்வி எளிமையானது: ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மாதக்கணக்கில் அப்படியே செய்வாரா? ரத்த அழுத்த மாத்திரையையே மறக்கிறவருக்கு நியோபிளாடர் கொடுத்தால் பாடுபடப்போவது அவர் மனைவி. மாறாக, உடம்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்ற நினைப்பிலேயே வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார் என்றால், அவருக்குப் புதுப் பையின் உழைப்பு தகும்.

பையை எடுக்காமலே

பல குடும்பங்களின் காதுக்கே எட்டாத தேர்வு இது. கட்டியை முடிந்தவரை முழுதாகச் சுரண்டிவிட்டு, ரேடியேஷனும் கீமோவும் சேர்த்துக் கொடுத்து, சொந்தப் பையைக் காப்பாற்றுவது. யூராலஜிஸ்ட் ஒரு கட்டடத்தில், ரேடியேஷன் டாக்டர் இன்னொரு கட்டடத்தில் என்று இருக்கும் இடங்களில் இந்தப் பேச்சே எழாது.

பிரிட்டனில் பையை எடுப்பதையும் காப்பதையும் குலுக்கலில் ஒப்பிட ஸ்பேர் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 45 பேர்தான் சேர்ந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் குலுக்கலுக்கு விட யாருக்குத்தான் மனசு வரும்? பிறகு 2023-ல் அமெரிக்க, கனடிய மையங்கள் மூன்று சேர்ந்து, இரண்டுக்கும் தகுதியானவர்களாக இருந்த 722 பேரை ஒப்பிட்டு வெளியிட்டன. ஐந்து வருடத்தில் நோய் பரவாமல் இருந்தவர்கள், பையை எடுத்தவர்களில் 74 சதவீதம், காத்தவர்களில் 75. காத்தவர்களில் 13 சதவீதம் பேருக்குப் பின்னால் எப்படியும் பையை எடுக்க வேண்டி வந்தது.

ஆனால் "தகுதியானவர்கள்" என்ற சொல் இங்கே கனமானது. ஒற்றைக் கட்டி, ஏழு சென்டிமீட்டருக்குக் கீழ், இரண்டு சிறுநீரகமும் அடைபட்டு வீங்கியிருக்கக் கூடாது, பையின் உள்தோல் முழுக்கப் புற்று படர்ந்திருக்கக் கூடாது. பை நல்ல பையாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே சுருங்கி, அரை மணிக்கொருமுறை ஓடவைக்கும் பையைக் காப்பாற்றி என்ன பயன்? வாழ்நாள் முழுக்க உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்குச் சில முறை மருத்துவமனைக்கு வந்துபோக முடியாத தூரத்தில் இருப்பவருக்கு இது பொருந்தாது. எந்தக் கூடாரத்தில் முடிவெடுத்தாலும், கையெழுத்துக்கு முன் ஒரு ரேடியேஷன் டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் முன்னால் கேட்க முடியாதது

டாக்டர் அறையில் பேசுவது மகன்தான். அப்பா பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பார். தாம்பத்தியம் பற்றி அங்கே யார் வாயைத் திறப்பது? விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டை ஒட்டியே ஓடுகின்றன. புற்று அந்தப் பக்கம் நெருங்காமல் இருந்தால் அவற்றை விட்டுவிட்டுப் பையை எடுக்க முடியும். ஆபரேஷனுக்குப் பின் விந்து வெளியேறாது. விறைப்பு வயதையும் முன்பிருந்த நிலையையும் பொறுத்தது. மாத்திரை, ஊசி, வெற்றிடப் பம்ப் என்று உதவிகள் உண்டு. ரோபோவின் பெரிதாக்கிய காட்சி நரம்பைக் காக்க உதவும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். மேற்சொன்ன ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

பெண்களிடம் இதை இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். யோனியின் முன்சுவரை எடுத்தால் அது குறுகும், உறவு வலிக்கும். மாதவிடாய் நிற்காத பெண்ணின் சினைப்பைகளை எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ். கட்டி பையின் பின்பக்கத்தையோ கழுத்தையோ தொடாமல், குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரலாறும் இல்லாவிட்டால், இவற்றை விட்டுவிட முடியுமா என்று கேட்கலாம். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் "குழந்தைதான் பெத்தாச்சே" என்று சொல்லி முடித்துவிடுவது பதிலாகாது. கணவனும் மனைவியும் மட்டும் தனியாக டாக்டரைப் பார்க்க ஒரு நேரம் வாங்குங்கள். பிள்ளைகள் வெளியே உட்காரட்டும்.

முடிவெடுக்கும் வாரங்களில் வேறு வேலைகளும் இருக்கின்றன. சிறுநீரகம் தாங்கினால் ஆபரேஷனுக்கு முன்னதாகச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தோடு கீமோ; ஐந்து வருட உயிர்வாழ்வில் சுமார் 5 சதவீதம் கூடும். பீடி சிகரெட்டை அன்றே விட வேண்டும். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும், புரதம் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும். ரோபோ மிச்சம் பிடித்துத் தரும் இரண்டு நாளை விட இவை தருவது அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னும் தடுமாற்றம் தீரவில்லை என்றால், உங்கள் மருத்துவமனையில் ஸ்டோமா நர்ஸைத் தேடிப் பிடித்து ஒரு மாதிரிப் பை கேளுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி, வயிற்றில் புள்ளி வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்க இருங்கள். சாப்பிடுங்கள், கடைக்குப் போய்வாருங்கள், பைக் ஓட்டுங்கள், ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். அன்று ராத்திரியே மூன்று மணிக்கு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் எங்கே உரசியது, எது எரிச்சலூட்டியது, அலாரத்துக்கு எழுந்தீர்களா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.